அலோர்ஸ்டாருக்குப் போன மூன்று பேர்

1

என் அடையாள அட்டை சிவப்பு. நான் பிறந்த முசிறிப் பக்கம் இதைப் படிக்கிறவர்களுக்கு விளங்காது, அதனால் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் குடியுரிமை உள்ளவர்களுக்கு நீல அட்டை. இங்கே இருந்துகொள்ளலாம், ஆனால் இந்த நாட்டுக்காரன் இல்லை என்கிறவர்களுக்குச் சிவப்பு. நான் கெடா மாநிலத்துக்கு வந்து ஐம்பது வருடம் ஆகப்போகிறது. மனைவி இங்கேயே பிறந்தவள், நீலம். பிள்ளைகள் நான்கு பேரும் நீலம். சுங்கை பட்டாணியில் எங்கள் வீட்டில் சிவப்பு அட்டைக்காரன் நான் ஒருவன்தான். வங்கியிலோ தபால் நிலையத்திலோ அட்டையை நீட்டினால், வாங்குகிற பையன் ஒருமுறை அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பான். பழகிவிட்டது.

போன மாதம் கடைசி மகள் மாலதி குடியுரிமை விண்ணப்பப் பாரத்தைக் கொண்டுவந்து மேசையில் விரித்தாள். ஊரில் புதிதாக வந்திருக்கும் ஜப்பான் தொழிற்சாலை ஒன்றில் அவளுக்கு வேலை. வீட்டில் அவள் பேசுவது தமிழ்தான். அதில் கால்வாசி மலாய், கால்வாசி ஆங்கிலம். அவள் அண்ணன்மார் பேசுவதில் தமிழ் இன்னும் குறைவு.

"அப்பா, இந்த வாட்டி நானே எல்லாம் எழுதிட்டேன். நீங்க சைன் மட்டும் போடுங்க. இன்டர்வியூவுக்கு நான் காடில கூட்டிட்டுப் போறேன்."

"எங்கேம்மா?"

"அலோர்ஸ்டார்லா. வேற எங்க?"

பேனாவை மூடி வைத்தேன்.

"அம்மா சொன்னது சரிதான்," என்றாள். "மூணு தடவ லெட்டர் வந்துச்சாம். மூணு தடவயும் நீங்க போகலியாம். ஒரு மணி நேரம் காடி ஓட்டுனா வந்துரும். அங்க அப்படி என்னதாம்பா இருக்கு? உங்களோட ரொம்ப சுசாலா."

காடி என்றால் கார், சுசா என்றால் தொல்லை. நான் தொல்லை பிடித்த மனிதன்தான். இடுப்பு வலி என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனேன். மனைவி சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். முப்பத்தைந்து வருடமாக அவளும் இதே கேள்வியைக் கேட்டு ஓய்ந்துவிட்டவள்.

அலோர்ஸ்டார் கெடாவின் தலைநகரம். என் வாழ்க்கையில் ஒரே ஒருமுறை போயிருக்கிறேன். வேலையாகப் போகவில்லை. இரண்டு சிநேகிதர்களோடு ஊர் பார்க்கப் போனேன். ஜப்பான்காரன் ஆண்ட காலம் அது.

2

பதினேழு வயதில் கப்பலேறி வந்தவன் நான். என் தாய்மாமன் சுங்கை லாலாங் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் கிராணியாக இருந்தார். கிராணி என்றால் தோட்ட ஆபீஸ் குமாஸ்தா. அவருக்குக் கீழே எடுபிடியாகச் சேர்ந்து, ஒரு வருடத்தில் நானும் 'சின்னக் கிராணி' ஆனேன். பள்ளி இறுதி வகுப்பு வரை படித்தவன் என்ற கர்வம் எனக்கு நிறையவே உண்டு. அந்தக் கர்வத்தோடு முதல் மாதமே தபால் நிலையத்தில் அவமானப்பட்டேன்.

வீட்டிலிருந்து வந்த பார்சலை வாங்கப் போயிருந்தேன். மலாய்க்கார எழுத்தர் ஏதோ கேட்டார். 'தெரியாது' என்பதற்கு மலாயில் 'தக் தாவ்'. எனக்கு வாயில் வந்தது 'தக் மாவ்'. அதற்கு 'வேண்டாம்' என்று அர்த்தம். வேண்டாமா, சரி என்று அவர் பார்சலை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். நான் மறுபடியும் மறுபடியும் 'தக் மாவ்' என்கிறேன். அவருக்குக் கோபம் ஏறுகிறது. பின்னால் நின்ற ஒருவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, முன்னே வந்து நாலு வார்த்தை பேசிப் பார்சலை வாங்கிக் கொடுத்தார். அவர்தான் சூசை அண்ணன். எங்கள் தோட்டத்திலேயே பால்மரம் வெட்டுகிறவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிறவர்.

"தம்பி, புரியலேன்னா புரியலேன்னு சொல்லிரணும். அதுல என்ன வெக்கம்? நான் இங்கயே பொறந்தவன், எனக்கே பாதி புரியாது," என்றார்.

என்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவர். கிறிஸ்தவர். மேல்நாட்டுத் துரையிலிருந்து கூலியாட்களை மேய்க்கும் தண்டல் வரை யார் நடையையும் அப்படியே நடந்து காட்டுவார். நான் காய்ச்சலில் கிடந்தபோது அவரும் அவர் மனைவி பிலோமினா அண்ணியும்தான் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார்கள். ஆபீஸ்காரன் கூலிக்காரர் லயத்து வீட்டில் போய்ச் சாப்பிடுவதா என்று மாமா முகம் சுளித்தார். நான் கேட்கவில்லை.

இன்னொருவன் கோவிந்தன். என் வயதுக்காரன், புல்வெட்டு கும்பலில் இருந்தான். அதிகம் பேசமாட்டான். நாங்கள் மூன்று பேரும் ஞாயிற்றுக்கிழமைகளில் பீடோங் வரை நடந்து போய் ரயில் பார்த்துவிட்டு வருவோம். அந்த ரயில் வடக்கே அலோர்ஸ்டாருக்குப் போகிறது என்று சூசை அண்ணன் ஒவ்வொரு முறையும் சொல்வார். பிறந்ததிலிருந்து அவர் சுங்கை பட்டாணியைத் தாண்டியதில்லை.

"நீ கடல் தாண்டி வந்தவன்டா. எனக்கு இந்த ராஜா இருக்கிற ஊரையாவது ஒரு தடவ பாத்துரணும்," என்பார்.

அந்த வருடம் போகலாம், அடுத்த வருடம் போகலாம் என்று தள்ளிக்கொண்டே இருந்தோம். அதற்குள் சண்டை வந்துவிட்டது.

3

துரைமார் ஓடினார்கள். ஜப்பான்காரர்கள் வந்தார்கள். ரப்பருக்கு விலையில்லை. மரங்களுக்கு நடுவே மரவள்ளி நட்டோம். அரிசி கண்ணில் படுவதே அபூர்வம். சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவே காட்டில் ரயில் பாதை போடுகிறார்கள், அதற்கு ஆள் பிடிக்கிறார்கள் என்று பேச்சு வந்தது. பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ஆட்கள் போனார்கள். முதலில் சம்பளம், சாப்பாடு என்று ஆசை காட்டிக் கூப்பிட்டார்கள். பிறகு கூப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

எங்கள் ஆபீசில் மட்டும் எனக்கு நல்ல காலம். குமாஸ்தாக்கள் எல்லோரும் நிப்போன்-கோ, அதாவது ஜப்பான் மொழி, படிக்க வேண்டும் என்று உத்தரவு. சாயங்கால வகுப்பு. மாமாவுக்கு நாக்கு வளையவில்லை. எனக்கு வந்தது. எழுத்துகளை வேகமாகப் படித்தேன். வகுப்பில் முதலாவதாக வந்தேன். சட்டையில் தைத்துக்கொள்ள ஒரு துணிச் சின்னம் கொடுத்தார்கள். அதோடு, தோட்டத்தை மேற்பார்வையிட வரும் ஜப்பானிய அதிகாரி என்ன வேண்டும் என்று கேட்டார். அலோர்ஸ்டார் பார்க்க வேண்டும், சிநேகிதர்கள் இரண்டு பேரோடு, என்றேன். முத்திரை குத்திய அனுமதிச் சீட்டு கிடைத்தது. மூன்று பேர், ஒரு நாள்.

சீட்டை எடுத்துக்கொண்டு லயத்துக்கு ஓடினேன். சூசை அண்ணன் உடனே துள்ளுவார் என்று நினைத்தேன். அவர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இப்ப வேணாம்டா தம்பி. ரோட்டுல ஆள் புடிக்கிறானுங்கலா. சண்டை முடியட்டும்."

பிலோமினா அண்ணி எட்டு மாதக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். "புள்ளைக்குச் சளியா இருக்கு தம்பி. இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாம்," என்றார்.

அவர்கள் சொன்னதில் தவறே இல்லை. எனக்குத்தான் ஏமாற்றம். என் பரிசை என் ஆட்கள் மெச்சவில்லையே என்ற ஏமாற்றம். சட்டையில் இருந்த சின்னத்தைத் தொட்டுக் காட்டினேன்.

"இது எதுக்கு இருக்கு அண்ணே? எவன் நிறுத்தினாலும் நான் பேசிக்கிறேன். எனக்குத்தான் பாஷை தெரியுமே. அண்ணி, காலையில கூட்டிட்டுப் போறேன், சாயங்காலம் கொண்டாந்து விட்டுர்றேன். நான் ஆச்சு."

மூன்று நாள் விடாமல் சொன்னேன். நான்காம் நாள் சூசை அண்ணன் தன் கல்யாணச் சட்டையை எடுத்து வெயிலில் போட்டார்.

4

விறகு போட்டு ஓட்டிய ரயில். ஊர்ந்து போனது. கூரூண் தாண்டியதும் ஜெராய் மலை பின்னால் நகர்ந்துவிட, கண்ணுக்கெட்டியவரை வயல். சூசை அண்ணன் ஜன்னலை விட்டு நகரவில்லை. "இவ்வளவு நெல்லு இங்க இருக்கு, நம்ம சட்டியில மட்டும் மரவள்ளியா?" என்றார். கோவிந்தன்கூடச் சிரித்தான்.

ஊருக்குள் நடந்தோம். முச்சந்திகளில் நின்ற சிப்பாய்களுக்கு இடுப்பு வளைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் கடக்க வேண்டும். ஒரு சிப்பாய் நிறுத்தினான். சீட்டைக் காட்டி நான் நிப்போன்-கோவில் பேசியதும் அவன் வாய் பிளந்தான். தோளில் தட்டி ஒரு சிகரெட் கொடுத்தான். அதைக் கோவிந்தனிடம் கொடுத்தேன். தரையில் கால் பாவவில்லை எனக்கு.

பெரிய பள்ளிவாசலைப் பார்த்ததும் சூசை அண்ணன் நின்றுவிட்டார். வெள்ளைச் சுவர், மேலே கறுப்புக் கும்மட்டங்கள். "நம்ம மாதா கோயிலு ஓலக் கொட்டாயி. இதப் பாருடா, சாமிக்கு எப்படி ஊடு கட்டியிருக்கான்!" என்றார். எதிரே ராஜாவின் பெரிய மண்டபம். அதன் மரத் தூண்களை எண்ணினார். மணிக்கூண்டைப் பார்த்தபோது வெயில் இன்னும் உச்சிக்கு வரவில்லை, கடிகாரமோ நடுப்பகல் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. ஜப்பான்காரர்கள் எல்லாக் கடிகாரத்தையும் தங்கள் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைத்திருந்தார்கள்.

"சூரியன் லேட்டா வருதுன்னு இவனுங்க அதுக்கும் அறை கொடுப்பானுங்க," என்றார். சத்தமாகச் சிரித்துவிட்டு நாங்களே வாயைப் பொத்திக்கொண்டோம்.

ஆற்றங்கரையில் ஒரு மலாய்க்கார அம்மா விற்ற மரவள்ளியைத் தேங்காய்த் துருவலோடு தின்றோம். சூசை அண்ணன் ஒரு படகுக்காரரிடம் மலாயில் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். எங்களுக்கு மூன்றரை மணி ரயில். கிளம்பியிருக்கலாம். கடைத்தெருவையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று சொன்னது நான்.

5

கடைத்தெருவின் இரண்டு முனையிலும் லாரி வந்து நின்றது. யாரும் ஓடவில்லை, ஓட இடம் இல்லை. ஆண்களை மட்டும் ஒரு வரிசையாக நிறுத்தினார்கள். கண்ணாடி போட்ட ஒரு அதிகாரி ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தார். அவர் கையைக் காட்டினால் லாரி. எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு மலாய்க்காரர் தரையிலிருந்து உயரம் உயரமாகக் கையைக் காட்டி, நான்கு விரலை விரித்தார். அவரை விட்டுவிட்டார்கள். அது என்ன என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

என் முறை வந்தது. சீட்டை நீட்டினேன். இன்ன தோட்டம், இன்ன வேலை, ஊர் பார்க்க வந்தோம் என்று வகுப்பில் படித்தபடி ஒப்பித்தேன். அதிகாரி சின்னத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. நன்றாகப் பேசுகிறாய் என்று சொன்னது எனக்குப் புரிந்தது. சீட்டைப் படித்துக்கூடப் பார்க்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டு, கோவிந்தனைக் காட்டி, "தொமொதாச்சி?" என்றார். சிநேகிதனா என்று அர்த்தம்.

"ஹாய்," என்றேன். ஆமாம்.

கோவிந்தனை என் பக்கம் தள்ளினார்கள். பிறகு அவர் சூசை அண்ணனைப் பார்த்தார். தோளையும் கையையும் பார்த்தார். என்னிடம் திரும்பி வேகமாக ஏதோ கேட்டார். 'காசொகு' என்று ஒரு வார்த்தை, கடைசியில் 'நாய் நா' என்று கேட்டது. காசுக்கு நாய் என்பதுபோல் என் காதில் விழுந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

புரியவில்லை என்பதற்கு அவர்கள் மொழியில் 'வகாரிமாசேன்'. முதல் வாரமே படித்த வார்த்தை. அது என் நாக்கின் நுனியில் இருந்தது. இப்போதுதானே நன்றாகப் பேசுகிறாய் என்று சொன்னார். இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இப்போது போய்ப் புரியவில்லை என்பதா? இதைத்தான் நினைத்தேன். ஒரு மூச்சு நேரம்கூட இருக்காது. இதுவும் சிநேகிதனா என்பது போன்ற கேள்வியாகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"ஹாய்!" என்றேன், முன்பைவிடச் சத்தமாக.

அதிகாரி தலையை ஆட்டினார். கை லாரியைக் காட்டியது. இரண்டு சிப்பாய்கள் சூசை அண்ணனின் கையைப் பிடித்தார்கள்.

"என்னடா கேட்டான்? தம்பி, என்ன கேட்டான்?"

நான் ஓடிப்போய், தொமொதாச்சி, தொமொதாச்சி என்று கத்தினேன். கன்னத்தில் ஒரு அறை விழுந்தது. காது அடைத்துப்போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டேன். லாரியில் ஏறிய பிறகும் சூசை அண்ணன் என்னைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். சத்தம் கேட்கவில்லை. வாய் அசைவதுதான் தெரிந்தது.

6

திரும்பி வரும் ரயிலில் கோவிந்தன் கேட்டான். "அந்த ஆளு என்னமோ நாய்னு சொன்னானே, என்னாது?"

"அவன் முன்னாலயே முடிவு பண்ணிட்டான்டா. நான் என்ன சொன்னாலும் விட்டிருக்கமாட்டான்."

"அது சரி. நீ ஹாய்னு சொன்னியே, எதுக்குச் சொன்ன?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவன் மறுபடி கேட்கவில்லை.

லயத்து வாசலில் பிலோமினா அண்ணி குழந்தையோடு நின்றிருந்தார். இரண்டு பேர் மட்டும் வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டார். நான் சொன்னேன்: கடைத்தெருவில் மடக்கினார்கள், நான் மன்றாடினேன், அடித்தார்கள். எல்லாம் உண்மை. நடுவில் ஒரு வார்த்தையை மட்டும் விட்டுவிட்டேன். வீங்கிய என் கன்னத்தைப் பார்த்து அவர்தான், "உங்களுக்கு ரொம்ப வலிக்குதா தம்பி?" என்று கேட்டார்.

அதன்பிறகு அவர் மரவள்ளிக் காட்டுக்கு வேலைக்குப் போனார். ஆபீஸ் பங்கில் எனக்கு வரும் அரிசியில் பாதியைக் கொண்டுபோய்க் கொடுப்பேன். மழைக்காலத்தில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. மலேரியாவுக்குக் கொடுக்கும் கொய்னா மாத்திரை எங்கும் கிடைக்கவில்லை. நான் மெர்போக் வரை சைக்கிளில் போய்த் தேடிவிட்டு வெறுங்கையோடு வந்தேன். ஐந்தாம் நாள் குழந்தை இறந்தது. மாதா கோயில் சாமியார் வர வழியில்லை. கோவிந்தன் குழி வெட்டினான். அண்ணி நிற்க முடியாமல் சரிந்துவிட்டதால் குழந்தையைக் கொண்டுபோனது நான். ஒரு பழைய துண்டில் சுற்றியிருந்தார்கள். எடையே இல்லை.

7

சண்டை முடிந்து சில மாதம் கழித்து, போனவர்களில் கொஞ்சம் பேர் திரும்பினார்கள். எங்கள் தோட்டத்துக்கு வந்தவர்களில் சூசை அண்ணனும் ஒருவர். ஆள் பாதியாகிவிட்டார். இடது காலில் ஆறாத புண். நொண்டிக்கொண்டு வந்தார். குழந்தையின் செய்தியை அண்ணி சொல்லி முடித்த பிறகு, சாயங்காலம் நான் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீதான் தூக்கிட்டுப் போனியாம்ல," என்றார். காலுக்கு மருந்து இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

கோவிந்தன் ஊருக்குக் கப்பலேறினான். பினாங்குத் துறைமுகத்தில் வழியனுப்பப் போனேன். படியேறும் முன் திரும்பி, "அண்ணங்கிட்ட நீயே சொல்லிரு. நான் யார்கிட்டயும் வாய் திறக்கல," என்றான். சொல்கிறேன் என்றேன். பிறகு அவனிடமிருந்து கடிதம் இல்லை. தஞ்சாவூர்ப் பக்கம் எங்கேயோ இருப்பான், அல்லது இருந்திருப்பான்.

சூசை அண்ணன் புக்கிட் செலம்பாவில் ஒரு சின்ன நிலத்தை வாங்கிக்கொண்டு போனார். இன்னும் இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். நான் சுங்கை பட்டாணிக்கு வந்தேன், கல்யாணம் ஆயிற்று, ஒரு வியாபாரியிடம் கணக்கெழுதி ஓய்வும் பெற்றேன். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவர் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. ஒவ்வொரு தீபாவளிக்கும் அவர்கள் என் வீட்டுக்கு வருவார்கள். எதையெல்லாமோ பேசியிருக்கிறோம். சயாம் காட்டைப் பற்றிக்கூட எப்போதாவது சொல்வார். அலோர்ஸ்டார் என்ற பேச்சு மட்டும் அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோது நேர்முகத்துக்கு அலோர்ஸ்டார் வரச்சொல்லிக் கடிதம் வந்தது. அந்த ரயில் நிலையத்தில் மறுபடி இறங்க மனமில்லாமல் கடிதத்தை மடித்துப் பெட்டியில் போட்டேன். இரண்டாவது கடிதம் வந்தது, மூன்றாவது வந்தது. பிறகு கடிதம் வரவில்லை.

போன வருடம் சூசை அண்ணன் இறந்தார். ஒரு வாரக் காய்ச்சல், அவ்வளவுதான்.

8

மாலதியின் பாரத்தில் நான் கையெழுத்துப் போடாத அதே வாரம், அவள் தொழிற்சாலையில் குடும்ப விழா என்று ஒரு அழைப்பைக் கொண்டுவந்தாள். ஊழியர்கள் வீட்டாரோடு வரவேண்டுமாம். மேலே ஜப்பான் எழுத்தில் ஒரு தலைப்பு. தொழிற்சாலை வகுப்பில் ஜப்பான் மொழி படிக்கிறவள், அதைச் சத்தமாகப் படித்துக் காட்டினாள்.

"என்ன வார்த்தை அது? திரும்பச் சொல்லு," என்றேன்.

"காசொகு. அப்படின்னா குடும்பம்பா. பெண்டாட்டி, புள்ள எல்லாம்."

நாற்பத்தைந்து வருடமாக என் காதில் காசாகக் கிடந்த சொல். மெதுவாகக் கேட்டேன். "'காசொகு நாய் நா'ன்னு கேட்டா?"

"குடும்பம் இல்லதானே, அப்படின்னு கேக்கிறது. ஏன்பா, உங்களுக்கு ஜப்பான் தெரியுமா?"

"அதுக்கு ஒருத்தன் 'ஹாய்'னு சொன்னா?"

"ஆமா, இல்லன்னு அர்த்தம்லா." அவள் சிரித்தாள். என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

உயரம் உயரமாகக் கையைக் காட்டிய அந்த மலாய்க்காரர் நினைவுக்கு வந்தார். தனக்கு நான்கு பிள்ளைகள் என்று அவர் கையாலேயே காட்டியிருக்கிறார், அன்று அது எனக்கு விளங்கவில்லை. சூசை அண்ணனுக்கு வீட்டில் மனைவியும் எட்டு மாதக் குழந்தையும் இருந்தார்கள். இல்லை என்று நான் சொல்லிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு அவருக்கு முதலாம் ஆண்டுப் பூசை. மாலதிதான் காடியில் கொண்டுபோய் விட்டாள். பூசை முடிந்து வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் போகும்வரை உட்கார்ந்திருந்தேன். மாலதி அவர் பேத்திகளோடு வெளியே பேசிக்கொண்டிருந்தாள். பிலோமினா அண்ணி எனக்கு எதிரே வந்து அமர்ந்தார். எழுபது வயதாகிறது, கண் சரியாகத் தெரியாது.

எல்லாவற்றையும் சொன்னேன். கேள்வி என்ன, நான் என்ன சொன்னேன், ஏன் சொன்னேன், எல்லாம். புரியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டேன் என்பதையும் சொன்னேன். அவர் முகத்தில் அதிர்ச்சி இல்லை.

"தெரியும் தம்பி," என்றார்.

"என்ன அண்ணி?"

"அவரு திரும்பி வந்த அன்னைக்கே சொல்லிட்டாரு. சயாம்ல ஒரு வயசான சிப்பாயி இருந்தானாம். தன் பெண்டாட்டி புள்ளைங்க படத்தை எடுத்துக் காட்டி, காசொகு, காசொகுன்னு அழுவானாம். அப்பத்தான் இவருக்கு விளங்கிச்சாம், அன்னைக்கு அந்த ஆளு என்ன கேட்டான்னு."

"அப்புறம் ஏன் அண்ணி என்னை ஒரு வார்த்தை கேட்கல?" என்றேன்.

"நான் கேக்கச் சொன்னேன். எனக்குக் கோவம் இருந்துச்சு தம்பி. பொய் சொல்லமாட்டேன். ஒரு வருசம் உங்க மூஞ்சியைப் பாக்கப் புடிக்கல. அவருதான் விடல. 'ஆமான்னாலும் இல்லன்னாலும் இழுத்துட்டுத்தான் போயிருப்பான், அத விடு'ன்னாரு. 'என் புள்ளையத் தூக்கிட்டுப் போய்ப் பொதச்சவன் அவன். அவன நான் கேக்கமாட்டேன். அவனாவே ஒரு நாளைக்குச் சொல்லுவான்'னாரு."

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஒவ்வொரு கிறிஸ்மசுக்கும் நீங்க வர்றதுக்கு முன்னாடி சொல்லுவாரு, இந்த வருசம் சொல்லிருவான் பாருன்னு. நீங்க சாப்பிட்டுட்டுப் போனப்புறம் கதவுகிட்ட கொஞ்ச நேரம் நின்னுட்டு வந்து படுத்துக்குவாரு."

நாற்பது கிறிஸ்துமஸுக்கு மேல் அந்த வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன்.